இலாரியா பிறந்த வருஷத்துப் பாட்டில்

தக்கை பாதியில் முறிந்துவிட்டது. மேல்பாதி திருகுக்கம்பியோடு எவாசியோவின் கைக்கு வந்தது; கீழ்ப்பாதி பாட்டிலின் கழுத்தில் உட்கார்ந்துகொண்டு வரமாட்டேன் என்றது.

மகள் இலாரியா பிறந்த வருஷத்துப் பரோலோ ஒயின் அது. இருபத்தைந்து வருஷமாக நிலவறையில் படுத்திருந்த ஒரே பாட்டில். இன்று மத்தியானம் சம்பந்தியாகப் போகிற பால்தஸாரே அதைக் குடித்துப் பார்த்துத் தீர்ப்புச் சொல்லப்போகிறார்.

அவர் எதிர்மலையான செர்ராலுங்காக்காரர். அந்த மலை ஒயின் முரடு, அரை நூற்றாண்டு கெடாமல் நிற்கும். எவாசியோவின் லா மொர்ரா மலை ஒயினுக்கு வாசனை உண்டு, ஆயுசு கம்மி என்று பேச்சு. போன வாரம் சம்பந்தி நேராகவே சொல்லிவிட்டார்:

"உங்க ஒயின் இன்னும் உயிரோட இருந்தா, என் பையன் உங்க தோட்டத்துக்கே வந்துடட்டும். செத்திருந்தா, பொண்ணை எங்க மலைக்கு அனுப்பிட்டு, திராட்சைக் கொடியைப் பிடுங்கிட்டு ஹேசல்நட் கொட்டை மரம் நடுங்க."

இலாரியாவோ அந்தக் கொடிகளை விட்டு ஒருநாள்கூடப் பிரிந்திருக்காதவள்.

எவாசியோ கத்திமுனையால் குத்தினார். தக்கை தூள்தூளாகி உள்ளே விழுந்தது. துணியால் ஒரு ஜாடிக்குள் வடிகட்டினார். வடிகட்டிய பிறகுதான் துணியில் லாவெண்டர் சோப்பு மணப்பது தெரிந்தது. காற்றாடினால் போய்விடும் என்று ஜாடியை அடுப்படி ஜன்னலில் வைத்துவிட்டுச் சட்டை மாற்றப் போனார்.

திரும்பி வந்தபோது ஜாடி காலி.

"டெல்ஃபீனா! இங்கே இருந்த ஒயின் எங்கே?"

"மாட்டிறைச்சி வேகுதுல்ல, அதுல ஊத்திட்டேன்" என்றாள் மனைவி. "சோப்பு நாத்தம் அடிச்சுது. சமையலுக்குன்னுதானே வச்சீங்க?"

"அது நம்ம பொண்ணோட ஒயினுடி!"

டெல்ஃபீனா வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு மெல்ல, "குழம்பை வடிகட்டிப் பாக்கலாமாங்க?" என்றாள்.

எவாசியோ பின்வாசல் வழியாகப் பக்கத்து வீட்டு ஜெலின்டாவிடம் ஓடினார். அவள் புருஷன் இறந்து பல வருஷமாகிவிட்டது. அவர் சேர்த்துவைத்த பாட்டில்கள் மட்டும் அப்படியே இருந்தன.

"அக்கா, இலாரியா பொறந்த வருஷத்து பாட்டில் ஏதாவது இருக்கா? எதுக்குன்னு மட்டும் கேக்காதே."

"நீ ஓடி வர்ற லட்சணமே சொல்லுதே. எனக்கும் ஒரு தட்டு போடச் சொல்லு" என்று ஒன்றை எடுத்துத் தூசி தட்டி நீட்டினாள்.

பாட்டிலில் சாக்கட்டியால் அதே வருஷம் எழுதியிருந்தது. லேபிளிலோ செர்ராலுங்கா!

செர்ராலுங்காக்காரருக்கே செர்ராலுங்காவை ஊற்றி லா மொர்ரா என்பதா? ஆனால் சம்பந்தியின் கார் ஏற்கெனவே வளைவில் ஏறிக்கொண்டிருந்தது. எவாசியோ ஒயினை ஜாடியில் ஊற்றிவிட்டு, பாட்டிலை விறகுக்கு அடியில் ஒளித்தார்.

மேசையில் எல்லோரும் உட்கார்ந்தார்கள். பால்தஸாரே கோப்பையை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். பழைய செங்கல் நிறம். மூக்கை உள்ளே விட்டார்.

"இது எனக்குத் தெரிஞ்ச வாசனையாச்சே..."

டெல்ஃபீனா சிலுவை போட்டுக்கொண்டாள்.

சம்பந்தி ஒரு வாய் குடித்தார். கண் கலங்கிவிட்டது.

"காஞ்ச ரோஜா... ரோட்டுத் தாரு... மழை பெஞ்ச மண்ணு. எங்கப்பாகூட மூடுபனியில திராட்சைக் குலை அறுத்த காலையெல்லாம் இதுக்குள்ள இருக்கு. ஒரே திராட்சை, ஒரே மண்ணு. வேற எதையும் சேர்க்காம இது எப்படிய்யா வருது! தப்பாப் பேசிட்டேன், சம்பந்தி. என் பையன் நாளைக்கே பெட்டியைத் தூக்கிட்டு வருவான்."

இலாரியா அழுதேவிட்டாள்.

எவாசியோவும் ஒரு மடக்குக் குடித்தார். பிரமித்துப் போனார். மாதா கோயிலுக்குள் தனியாக நிற்பதுபோல இருந்தது. இப்படி ஒன்றைத் தன் மண் ஜென்மத்துக்கும் தராது என்று நினைத்தபோது நெஞ்சு வலித்தது. அந்த ஒயினைக் கையில் வைத்துக்கொண்டு பொய் சொல்ல அவரால் முடியவில்லை.

"சம்பந்தி, ஒரு உண்மையைச் சொல்லணும். இந்த ஒயின்..." என்று எழுந்தார்.

ஜெலின்டா அவர் சட்டையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்து, காதோடு சொன்னாள்:

"உளறாதேடா. அந்த வருஷம் உன் பீப்பாய்லேருந்து வாங்கின ஒயினைத்தான் என் வீட்டுக்காரர் கைக்குக் கெடச்ச காலி பாட்டில்ல அடைச்சு வச்சாரு. பழைய லேபிளைச் சுரண்டத்தான் சோம்பல்பட்டுட்டாரு."