பள்ளிக்கூடத்துக்கு நான் கொடுத்த பதினான்கு நாள்

அடுத்தவர் வீட்டுக் கடிதம் எழுதுவது சுலபம். எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்தில் அடையாள அட்டை தொலைந்தாலும் பிறப்புப் பதிவில் பெயர் பிழையானாலும் என்னிடம்தான் வருவார்கள். உயர்தரம் வரை படித்தவள் என்ற பெருமையில் (பெறுபேறு பற்றி யாரும் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை) எழுதித் தள்ளுவேன். சொந்த மகளுக்காக எழுத வேண்டி வந்தபோதுதான் முதல் வரியே வரவில்லை.

தர்ஷினிக்கு அப்போது ஏழு வயது, தரம் இரண்டு. வாயால் கேட்டால் எல்லாம் சொல்வாள். கொப்பியில் எழுதச் சொன்னால் மூன்று எழுத்தோடு நின்றுவிடுவாள். "இன்னொரு வருஷம் இதே வகுப்புல இருக்கட்டுமே" என்றார் வகுப்பு டீச்சர். அன்றே அவளைக் கிளினிக்குக்குக் கூட்டிப்போனேன். கிளினிக் டாக்டர்தான் வழி சொன்னார்: "ஸ்கூல்ல ஒரு கூட்டம் கேளுங்க. விசேட கல்வி டீச்சரையும் வச்சிக்கிட்டு புள்ளைக்கு ஒரு திட்டம் போடலாம். எழுத்துல கேளுங்க."

எழுத்தில்! எட்டுத் தாளைக் கிழித்தேன். "தயவுசெய்து" போட்டால் கெஞ்சுவது போலிருந்தது, போடாவிட்டால் திமிர் போலிருந்தது. கடைசியில் மாமாவின் பழைய ஃபைலைத் திறந்தேன். என் மாமனார் இருபது வருடம் தோட்டத்துத் தொழிற்சங்கத் தலைவர். லயத்துக்குத் தண்ணீர்க் குழாய் வாங்கித் தந்த கடிதம் அதில் இருந்தது. குழாயையே வரவழைத்த கடிதம் ஒரு டீச்சரை வரவழைக்காதா? பார்த்துப் பார்த்து எழுதினேன். தோட்ட நிர்வாகம் இருந்த இடத்தில் பாடசாலை நிர்வாகம், தொழிலாளர் இருந்த இடத்தில் தர்ஷினி. கோரிக்கைகள் பதினொன்று. கடைசிப் பந்தி மட்டும் கொஞ்சம் உறுத்தியது:

"பதினான்கு நாட்களுக்குள் சுமுகமான தீர்வு எட்டப்படாதவிடத்து வேலைநிறுத்தத்தில் இறங்குவதைத் தவிர வேறு வழியில்லை என்பதை மனவருத்தத்துடன் அறியத்தருகிறோம்."

ஐந்து முறை வாசித்தேன். "மனவருத்தத்துடன்" என்று இருந்ததால் மரியாதையான பந்திதான் என்று முடிவு செய்தேன். ஜெயித்த கடிதத்தில் கை வைக்கவும் பயம். அடியில் இருந்த "பிரதிகள்" பட்டியலையும், பொலிஸ் பொறுப்பதிகாரி உட்பட, அழகாக எழுதினேன். (நெற்றிக்குப் பொட்டு மாதிரி கடிதத்துக்கு அது என்று நினைப்பு.)

பாடசாலையில் கொடுத்துவிடச் சொல்லி மாமாவிடம் நீட்டினேன். வாசித்தவருக்குக் கண் கலங்கிவிட்டது.

"எங்க காலத்துலகூட இம்புட்டு காரமா எழுதல புள்ள."

பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன்.

மூன்றாம் நாள் பாடசாலை அதிபர் போன் செய்தார். "நாளைக்கே வாங்கம்மா. பதினாலு நாளெல்லாம் வேணாம்."

காலையில் தர்ஷினியோடு நோட்டன் பிரிட்ஜ் பஸ்ஸுக்குக் கிளம்பினால், வெள்ளைச் சட்டையில் மாமா. பின்னால் குடையோடு ஐந்து பேர்.

"இவங்க எதுக்கு மாமா?"

"ஆபீசுக்கு யாராச்சும் தனியா போவாங்களா? ஏமாத்திப்புடுவாங்க புள்ள."

தோட்டத்தில் மேனேஜர் தொரையைப் பார்க்க யாரும் தனியாகப் போனதில்லைதான். ஆனால் எங்கள் கூட்டத்தைக் கண்ட பள்ளிக்கூடக் காவலாளி கேட்டைப் பூட்டிவிட்டார். மாமா பேசிப் பேசியதில் எங்கள் மூவரை மட்டும் உள்ளே விட்டார். ஐவர் படை மழையில் நின்றது.

உள்ளே அதிபருக்கு எதிரே ஒரு பொலிஸ்காரர் பிளேன்டீ குடித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்து, "கோ மிஸ், ஸ்ட்ரைக் எக?" என்றார். ஸ்ட்ரைக் எங்கே என்று சிங்களத்தில் என்னையே கேட்கிறார்!

"பொலிசுக்குமா குடுத்தீங்க மாமா?"

"பிரதின்னு போட்டிருக்கே. போட்டா குடுக்கணும்ல?"

விசேட கல்வி டீச்சர் முதல் கோரிக்கையை எடுத்தார். "வாரத்துக்கு மூணு நாள் நான் தனியா சொல்லித் தாறேன்."

"அஞ்சு" என்றார் மாமா.

"நான் ரெண்டு ஸ்கூலுக்குப் போகணும் ஐயா."

"சரி, நாலு. அதுக்குக் கீழ எறங்க மாட்டோம்."

மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். மேசைக்கடியில் மாமா என் காலை மிதித்தார். ஏழாவது கோரிக்கையில் டீச்சர் நின்றுவிட்டார். "மழைக்காலத்துல தர்ஷினிக்கு இடுப்புல கட்டப் படங்கு வழங்கணும்னு இருக்கே... இது எதுக்கும்மா?"

கொழுந்து பறிப்பவர்கள் நனையாமலிருக்கக் கட்டும் தார்ப்பாய், அந்தப் படங்கு! குழாய்க் கடிதத்திலிருந்து அதையும் நான் விடவில்லை. (பதினொன்றையும் நான்தான் என் கையால் எழுதினேன்.)

டீச்சர் கடிதத்தை மடித்து வைத்துவிட்டு என் மகள் பக்கம் குனிந்தார். "ஒனக்கு என்னா வேணும், தங்கம்?"

தர்ஷினி பொலிஸ்காரரின் தொப்பியைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "எங்க கிளாஸ் டீச்சர் போர்ட சுருக்கா அழிச்சிடுறாங்க. நான் மூணு எழுத்து எழுதி நிமிந்தா ஒண்ணையும் காணோம்."

என் பதினொன்றில் அது இல்லவே இல்லை. ஒரு வருடமாக நான் அவளிடம் எழுதச் சொல்லியிருக்கிறேன், திட்டியிருக்கிறேன். இதை மட்டும் கேட்டதில்லை.

மாமா ஃபைலை மூடினார். "அதாங்க கோரிக்கை."

கரும்பலகையில் வருவதைத் தாளில் எழுதி அவள் மேசையிலேயே வைப்பது, வாரத்தில் நான்கு நாள் தனிப்பாடம், வருட முடிவில் மற்றப் பிள்ளைகளோடு தரம் மூன்று என்று முடிவானது. எல்லோரும் ஒப்பமிட்டோம். வேண்டாம் என்று யாரும் சொல்லாததால் பொலிஸ்காரரும் போட்டார்.

இப்போது தர்ஷினி தரம் ஐந்து. மெதுவாகத்தான் எழுதுவாள், ஆனால் முடிப்பாள். போன வாரம் பாத்திரம் கழுவச் சொன்னேன். கொஞ்ச நேரத்தில் அடுப்படிச் சுவரில் ஒரு தாள்: "பதினான்கு நாள் தருகிறேன். இல்லாவிட்டால் வேலைநிறுத்தம். மனவருத்தத்துடன், தர்ஷினி. பிரதிகள்: தாத்தா, பொலிஸ்."

தாத்தா தன் பிரதியைப் பெற்றுக்கொண்டார். பொலிசுக்கான மற்றதைக் கொண்டுபோக அவர் குடையை எடுத்தபோது, கதவடியில் நின்று மறித்தேன்.