எட்டுப் பேர் கச்சேரி

திரை ஒரு சாண் குட்டையாக இருந்தது.

ஓய்வுபெற்ற சர்வேயர் மேடை விளிம்பில் குனிந்து மறுபடி அளந்தார். முப்பத்தைந்து வருடம் ஊரார் நிலத்தை அங்குலம் பிசகாமல் அளந்த மனிதருக்கு, சொந்த மகளின் கச்சேரியில் ஒரு சாண் பிசகியது. அந்த இடைவெளியில் பார்த்தால் மேடையில் எத்தனை ஜோடிக் கால்கள் என்று யாரும் எண்ணிவிடலாம். இருந்ததோ ஒரே ஜோடி.

"பாப்பா, காலை மடக்கி உக்காந்துக்கோயேன்."

"அப்புறம் பெடலை எதாலப்பா மிதிக்கிறது?"

நியாயம்தான். அவள் தனியாளாகக் கச்சேரி செய்பவள். ஒரு வரி பாடிப் பெட்டியில் பதிவு செய்வாள். பெடலை மிதித்தால் அது சுற்றிச் சுற்றி ஒலிக்கும். அதன்மேல் தாளம், அதன்மேல் இன்னொரு குரல் என்று அடுக்கிக்கொண்டே போவாள். பதிய இரண்டு பெட்டி, எதிரொலி சேர்க்க ஒரு பெட்டி, குரலைத் தடிமனாக்க ஒரு பெட்டி. கண்ணை மூடிக் கேட்டால் எட்டுப் பேர் இருப்பது போலிருக்கும்.

அந்த எட்டில்தான் வினை. பெண் கேட்டு வந்த வீட்டுப் பெரியவர் போனில், "கச்சேரிக்கு எங்க சொந்தத்துல ஐம்பது பேர் வர்றோம்" என்றார். ஐம்பது பேருக்கு முன்னால் தன் வீட்டுப் பெண் ஒண்டியாக டப்பாக்களோடு நிற்பதா? குடும்பத்துக்கு ஒரு கௌரவம் இல்லையா? "தாராளமா வாங்க, அவகிட்ட எட்டுப் பேர் கொண்ட குழு இருக்கு" என்று சர்வேயரின் வாய் தானாகச் சொல்லிவிட்டது.

மகளுக்கு இது தெரியாது. திரை எதற்கு என்றபோது, "வெளிச்சம் கண்ணைக் கூசும்" என்று சமாளித்திருந்தார்.

சவுண்டுக்காரர் வந்தார். "உங்ககிட்ட பதியிற பெட்டி ஒண்ணு உபரியா இருக்கில்ல? பின்னாடி ஒரு சின்ன வேலை." கறுப்புப் பெட்டியை இடுக்கிக்கொண்டவர், போகிறபோக்கில் சர்வேயரிடம் சொன்னார்: "ஐயா, இங்க நின்னு பேசாதீங்க. அந்த மைக்குக்குக் காது ஜாஸ்தி."

சர்வேயர் அதைக் காதில் வாங்கவில்லை. பக்கத்து அறையில் நாடகக்காரர்கள் போட்டுவிட்டுப் போன பாதரட்சைகளைக் கண்டுபிடித்திருந்தார். ஏழு ஜோடியைத் திரைக்குப் பின்னால் வரிசையாக வைத்தார். அதில் இரண்டு ஜோடி போர்வீரர் பூட்சுகள்.

மணி அடித்தது. திரைக்கு அப்பால் கைதட்டல் எழுந்தது. நடுவில் ஒரு நீள விசில், கடைசியில் ஒரு இருமல். ஐம்பது பேர் தாராளமாக இருப்பார்கள் என்று கணக்குப் போட்டார்.

மகள் ஆரம்பித்தாள். ஒரு குரல் இரண்டாகி, நாலாகி, தாளம் சேர்ந்தது. சர்வேயர் ஒரு நிமிடம்தான் நிம்மதியாக இருந்தார். தாளம் இந்தப் போடு போடும்போது ஏழு ஜோடிக் கால்கள் பிணம் மாதிரி அசையாமல் இருந்தால்?

வாழ்நாளில் யாருக்கும் குனியாதவர் தரையில் தவழ்ந்தார். பூட்சுக்குள் கையை விட்டுத் தாளம் தட்டினார். மகள் அரண்டுபோய் வாயசைத்தாள்: "என்னப்பா பண்றீங்க?"

பெட்டிகள் இருந்த மேசையோரம் எழுந்து, அவள் காதருகே, அதாவது மைக் அருகே, கிசுகிசுத்தார்: "எட்டுப் பேர்னு சொல்லித் தொலைச்சுட்டேன்மா!"

இரண்டாவது பெட்டியில் பதிவின் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

நாலு எண்ணிக்கை கழித்து அரங்கம் முழுக்க அவர் குரல் கேட்டது: "எட்டுப் பேர்னு சொல்லித் தொலைச்சுட்டேன்மா!"

சுற்று முடிந்தது. மறுபடியும் கேட்டது.

"அழிச்சிடு!"

"பேசாதீங்க! அதுக்கு மேல ஒரு குரல் அடுக்கிட்டேன். கடைசி அடுக்கை மட்டும்தான் அழிக்க முடியும்."

"அப்ப நிறுத்திடு!"

"நிறுத்தினா உங்க எட்டுப் பேரும் ஒரே நொடியில செத்துருவாங்கப்பா!"

அவள் எதிரொலிப் பெட்டியைத் திருகிக் குரலைக் கரைக்கப் பார்த்தாள். "தொலைச்சுட்டேன்... லைச்சுட்டேன்... சுட்டேன்..." என்று அது சுவரெல்லாம் மோதித் திரும்பியது. குரலை ஆழத்துக்கு இறக்கினாள். இப்போது நீதிபதி தீர்ப்புச் சொல்வது போலிருந்தது.

சர்வேயர் இனியும் பொறுக்கவில்லை. கண்ணில் பட்ட வயரை இழுத்துப் பிடுங்கினார். தாளமும் இசையும் பொட்டென்று நின்றன. அவை முதல் பெட்டியில் இருந்தவை. இரண்டாவது பெட்டியில் இருந்த அவர் குரல், துணைக்கு மகளின் ஒற்றைக் குரல் மட்டும் இருக்க, கணீரென்று ஒலித்தது.

மகள் எல்லாவற்றையும் அணைத்தாள்.

பிறகு கைதட்டல். நீள விசில். கடைசியில் ஒரு இருமல்.

"இவ்வளவுக்கு அப்புறமும் கைதட்டுறாங்களே" என்று சர்வேயர் உருகினார். "விசில்கூட அதே இடத்துல. எவ்வளவு ஒழுக்கமான குடும்பம்! இவங்ககிட்டயா பொய் சொன்னேன்?"

"நானே போய்ச் சொல்றேன்ப்பா."

"வேண்டாம். சொன்னது நான்."

சட்டையை இழுத்துவிட்டு, முதுகை நிமிர்த்தி, திரைக் கயிற்றை இழுத்தார். ஐம்பது பேர் முன்னால் தலைகுனிய வேண்டிய வார்த்தைகள் நாக்கு நுனியில் இருந்தன.

எதிரே வரிசை வரிசையாகக் காலி நாற்காலிகள். முதல் வரிசையில் நாலே பேர்: பெரியவர், அவர் மனைவி, மாப்பிள்ளைப் பையன், அவன் தங்கை. நாலு பேர் கைகளும் மடியில் இருந்தன. ஆனால் கைதட்டல் நிற்கவில்லை. விசில் வந்தது. இருமல் வந்தது. பின்வரிசை ஓரத்தில் சவுண்டுக்காரர் கறுப்புப் பெட்டியை நிறுத்த முடியாமல் போட்டு அமுக்கிக்கொண்டிருந்தார்.

பெரியவர் தன் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். தங்கைதான் மெல்ல எழுந்தாள்.

"மன்னிச்சுக்கோங்க மாமா. நாங்க நாலு பேரும் ஒரு தடவைதான் தட்டினோம். மீதி நாற்பத்தாறு பேரும் அந்தப் பெட்டிக்குள்ளதான் இருக்காங்க."