வாசல் சத்தத்தை அளந்த விவரம்

மதிப்பும் மரியாதையும் நிறைந்த சம்பந்தி அவர்களுக்கு, வணக்கம் பல.

இங்கு நானும் என் மனைவியும் வாசல் மரமும் நலம். அங்கு தாங்களும், தங்கள் துணைவியாரும், மாப்பிள்ளையும், என் பெண்ணும், எல்லோருக்கும் மேலாகப் பேத்தியும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். மரத்தை எதற்கு இந்த வரிசையில் சேர்த்தான் என்று தாங்கள் யோசிப்பீர்கள். அதற்கும் சேர்த்துத்தான் இந்தக் கடிதம். எல்லாம் நல்லபடியாக முடிந்துவிட்டது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அப்பாடா என்று இன்றைக்குத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

"நெடுஞ்சாலையைப் பெயர்த்துப் போடுகிற இடத்துக்குப் பச்சைக்குழந்தையை எப்படி அனுப்புவது? சுற்றுச்சூழல் அறிக்கை என்ன சொல்கிறது என்று பார்த்துவிட்டு முடிவு செய்வோம்" என்று போன கடிதத்தில் எழுதியிருந்தீர்கள். நியாயமான பேச்சுதான். நான் ஒன்றும் குறை சொல்லவில்லை. ஆனால் அதைப் படித்துவிட்டு என் மனைவி, குழந்தைக்கென்று துவைத்து மடித்து வைத்திருந்த துணிகளையெல்லாம் எடுத்து மறுபடியும் துவைத்தாள். மனசு சரியில்லாவிட்டால் அவளுக்குக் கை சும்மா இருக்காது. இந்தச் சாலையின் லட்சணம் தங்களுக்குத் தெரியாததா? கல்யாணத்துக்குத் தங்கள் வாசலில் வேன் ஏறி எங்கள் வாசலில் வந்து இறங்குவதற்குள் தங்கள் பல்செட்டு இரண்டு முறை மடியில் விழுந்ததே! அந்தப் பள்ளங்களை அடைக்கச் சொல்லி மனு எழுதி எழுதியே என் பேனா தேய்ந்தது. இத்தனை வருஷம் கழித்து, பேத்தி வருகிற நேரம் பார்த்துத்தான் அவர்களுக்கு மனசு இளகியிருக்கிறது.

வேலை தொடங்குமுன் பாதிப்பைக் கணக்கிட ஒரு பெண்ணை அனுப்பினார்கள். கெட்டிக்காரப் பெண். கிணற்றுத் தண்ணீரைச் சீசாவில் பிடித்தாள், மரத்தில் வெள்ளைப் பெயிண்டால் எண் எழுதினாள், பிறகு மாடிக் கைப்பிடிச் சுவரில் ஒரு கருவியை நிறுத்தி, "இது ஒரு நாள் முழுக்கச் சத்தத்தை அளக்கும் சார். நீங்க எப்பவும் போல இருங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள். நான் காப்பீட்டு அலுவலகத்தில் இழப்பீட்டுப் பிரிவில் ஆயுள் முழுக்க உட்கார்ந்தவன். சேதம் எவ்வளவு பெரிதோ அவ்வளவு பெரிய இழப்பீடு, அது எனக்கு ரத்தத்தில் ஊறிய பாடம். சத்தம் அதிகம் என்று கருவி சொன்னால் வீட்டுக்கு முன்னால் தடுப்புச்சுவர் கட்டித்தருவார்கள், சுவர் வந்தால் தாங்கள் குழந்தையை அனுப்புவீர்கள் என்று மனசுக்குள்ளேயே கணக்குப் போட்டுவிட்டேன். பக்கத்து வீட்டு பீரோ பட்டறைக்காரரைக் கூப்பிட்டு, அரைகுறையாக நின்ற ஒரு இரும்பு பீரோவை எங்கள் முற்றத்திலேயே கொண்டுவந்து தட்டச் சொன்னேன். அவர் பரம சந்தோஷமாக வந்தார். "இத்தனை நாளும் தட்டாதே தட்டாதேன்னு கத்துவீங்க, இன்னைக்கு என்ன சார் ஞானோதயம்?" என்று கேட்டுக்கொண்டே தட்டினார். மிக்ஸியில் வெறும் கொட்டைப் பாக்கைப் போட்டு ஓடவிட்டேன். அது போதாதென்று என் மனைவியிடம், "கொஞ்சம் என்னோட சண்டை போடு, மாடிப்பக்கம் பார்த்துப் போடு" என்றேன். "எதைப் பத்திப் போடறது?" என்று கேட்டாள். "உன் இஷ்டம்" என்றேன். அதுதான் நான் செய்த தப்பு. பெண் பார்க்க வந்த அன்று நான் பலகாரத் தட்டைக் காலி செய்ததிலிருந்து ஆரம்பித்தாள். பட்டறைக்காரர் சுத்தியலைக் கீழே வைத்துவிட்டுக் கேட்க ஆரம்பித்துவிட்டார். கருவிக்கு அவர் தேவைப்படவும் இல்லை.

மறுநாள் அந்தப் பெண் வந்து கருவியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், முற்றத்தில் நின்ற பீரோவைப் பார்த்தாள். "சார், இப்ப இருக்கிற சத்தம் எவ்வளவு, ரோடு போட்டா எவ்வளவு கூடும், அந்த வித்தியாசத்தைத்தான் நாங்க பார்ப்போம். உங்க வீட்டுக் கணக்குப்படி ரோடு போட்டா சத்தம் குறையும்னு வருது" என்றாள். சுவர் போயிற்று என்பது ஒரு பக்கம் இருக்கட்டும். இந்தச் சாலையிலேயே அதிகச் சத்தம் போடும் இடம் என்று என் வீட்டுக் கதவு எண் அறிக்கையில் அச்சாகி, அதைத் தாங்கள் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படிப்பது என் கண்முன் வந்து நின்றது. பிறகு எந்த முகத்தோடு குழந்தையை அனுப்புங்கள் என்று கேட்பேன்? உண்மையைச் சொல்லிவிட்டேன். அந்தப் பெண் சிரிக்காமல் இருக்கப் பட்ட பாடு! "வர்ற வாரம் திரும்ப வைக்கிறேன். தயவுசெஞ்சு வாழ்ற மாதிரி வாழுங்க" என்றாள்.

வாழ்கிற மாதிரி வாழ்ந்தால் போதும் என்று விட்டிருக்கலாம். ஆனால் பட்ட பயம் என்னை விடவில்லை. இந்த முறை மூச்சு விடுகிற சத்தம்கூடக் கேட்கக்கூடாது என்று உத்தரவு போட்டேன். பட்டறைக்காரரைக் கெஞ்சிக் கூத்தாடிக் கடையை அடைக்கவைத்தேன். சொட்டுகிற குழாய்க்குத் துணி கட்டினேன். நானும் என் மனைவியும் கையால் ஜாடை காட்டிப் பேசிக்கொண்டோம். பட்டறையும் மூடி, வீடும் நிசப்தமாக இருப்பதைப் பார்த்து, ஏதோ நடக்கக்கூடாதது நடந்துவிட்டது என்று தெருவில் பேச்சாகிவிட்டது. எதிர்வீட்டுத் தம்பதி முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்தார்கள். யார் போய்விட்டார்கள் என்று கேட்க அவர்களுக்குச் சங்கடம். யாரும் போகவில்லை என்று வாய்விட்டுச் சொல்ல எனக்கு வழியில்லை. வெகுநேரம் அப்படியே இருந்துவிட்டு, போகும்போது அவர் என் தோளைத் தட்டிவிட்டுப் போனார். தங்களிடம் சொல்வதற்கு என்ன சம்பந்தி, அதற்குப் பிறகு எனக்கு நிஜமாகவே துக்கமாகிவிட்டது. என் பெண் இருந்தவரை இந்த வீட்டில் ஒரு நிமிஷம் இப்படி இருந்ததில்லை. பாடிக்கொண்டே மாடிப்படி இறங்குவாள், கதவை அறைந்து சாத்துவாள், அதற்கு நான் கத்துவேன். வீடு இவ்வளவு காலியாகக் கிடக்கிறது என்று அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. அவளைப் பார்க்கவேண்டும், குழந்தையைத் தூக்கவேண்டும் என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. என் மனைவியைப் பார்த்தேன். அவள் துவைத்த துணியை மறுபடியும் எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போய்க்கொண்டிருந்தாள்.

நல்லவேளை, இரண்டாவது அளவு செல்லுபடியானது. பிறகு கருத்துக் கேட்புக் கூட்டம் வைத்தார்கள். யாருக்கு என்ன வேண்டும் என்று கேட்டதும் முதல் ஆளாக எழுந்தேன். "எங்க வீட்டுக்குப் பச்சைக்குழந்தை வரப்போகுது. வேலையை அந்தக் கோடியிலேருந்து ஆரம்பிங்க. இந்தப் பக்கம் கடைசியா வாங்க" என்றேன். எங்கள் தெரு மொத்தமும் கைதட்டியது. அதிகாரியும் தலையாட்டி எழுதிக்கொண்டார். நேற்று அந்தப் பெண் அறிக்கையின் நகலோடு வந்தாள். எங்கள் வீட்டுக்கு முன்னால் தடுப்புச்சுவர் உண்டு. தூசிக்குத் தண்ணீர் தெளிப்பார்கள், ராத்திரியில் வேலை கிடையாது. மரத்தை வெட்டாமல் வடிகாலை ஒதுக்கிக் கொண்டுபோகிறார்கள். "அந்தக் கோடியில தோண்ட ஆரம்பிச்சாச்சு சார். உங்க வாசலுக்கு வர்றதுக்குள்ள பாப்பா நடக்க ஆரம்பிச்சிடும்" என்றாள். என் மனைவி அந்தப் பெண்ணைக் கட்டிக்கொண்டு அழுதுவிட்டாள். எனக்கும் கண் கலங்கியது, ஒத்துக்கொள்கிறேன்.

ஆகவே சம்பந்தி, இனி ஒரு தடையும் இல்லை. நல்ல நாள் ஒன்று பார்த்து என் பெண்ணையும் பேத்தியையும் அனுப்பிவைக்கும்படி மிகவும் தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன். அறிக்கையின் நகலை இத்துடன் இணைத்திருக்கிறேன். தங்கள் துணைவியாருக்கு எங்கள் வணக்கங்கள், மாப்பிள்ளைக்கும் பெண்ணுக்கும் எங்கள் ஆசிகள், பேத்திக்கு இரண்டு கன்னத்திலும் முத்தங்கள்.

என்றும் தங்கள் அன்புக்குக் கட்டுப்பட்ட,
சம்பந்தி.

பி.கு.: உறையை ஒட்டப் பசை தேடிக்கொண்டிருந்தபோது வாசலில் ஒரு வேன் வந்து நின்றது. முதலில் என் பெண் இறங்கினாள், கையில் பேத்தி. பிறகு மாப்பிள்ளை, தங்கள் துணைவியார், நான்கு பெட்டிகள், கடைசியாகத் தலை முதல் கால் வரை செம்மண்ணாகத் தாங்கள். அந்தக் கோடி என்றால் யாருடைய வாசல் என்று இந்த நிமிஷம் வரை என் மரமண்டைக்கு எட்டவில்லை, சத்தியமாக. வாசலை மறித்துப் பள்ளம் தோண்டிவிட்டார்கள், பலகை போட்டுத் தாண்டினோம், வேலை முடிகிறவரை எல்லோரும் இங்கேதான் என்று சொன்னீர்கள். இப்போது உள்ளே குழந்தை வீறிட்டு அழுகிறாள், என் பெண் கதவை அறைந்து சாத்துகிறாள், என் மனைவி இரண்டு கையும் போதாமல் அங்குமிங்கும் ஓடுகிறாள். எனக்குக் காது குளிர்ந்துவிட்டது. இந்தக் கடிதத்தை, தங்கள் வாசலில் தார் நன்றாகக் காய்ந்த பிறகு, தங்கள் கையிலேயே தருவதாக இருக்கிறேன். ஏனென்றால் சற்றுமுன் பேத்தியை மடியில் வைத்துக்கொண்டு, "அங்கேருந்து ஆரம்பிங்கன்னு எந்தப் புண்ணியவான் சொன்னானோ, கையில கிடைச்சா விடமாட்டேன்" என்று தாங்கள் பொரிந்து தள்ளியபோது, பக்கத்தில் உட்கார்ந்து நானும் அவனை நன்றாகத் திட்டிவிட்டேன்.