வெள்ளையம்மாளின் சித்த சுவாதீனச் சான்றிதழ்

மனிதனுக்கு மனம் என்று ஒன்று உண்டா, உண்டென்றால் அது எங்கே இருக்கிறது என்று உலகத்து ஞானிகள் எல்லாம் மண்டையை உடைத்துக்கொண்டிருந்த காலத்தில், 1963ஆம் வருஷம் ஜூன் மாதம், திருச்சிராப்பள்ளியில் ஓர் அரசு அலுவலகம் அந்தக் கேள்விக்கு முடிவான விடை கண்டது. மனம் உண்டு. அது மூன்று பிரதிகளில் இருக்கவேண்டும்.

இந்த மகத்தான கண்டுபிடிப்புக்குக் காரணமானவள் வெள்ளையம்மாள். உப்பிலியபுரத்து விவசாயி மகள், வயது இருபத்து நான்கு, மனோதத்துவத்தில் எம்.ஏ. அவளுடைய அக்கா பாப்பாயி பிள்ளை பெற்ற பிறகு எட்டு மாதம் வாய் திறக்கவில்லை. வீட்டார் வேப்பிலை அடித்தார்கள், தாயத்துக் கட்டினார்கள். கடைசியில் சகாயம்மாள் என்று ஒரு நர்ஸ் தினமும் வந்து பக்கத்தில் உட்கார்ந்து பேச்சுக் கொடுத்து அக்காவை மீட்டுக் கொடுத்தாள். அன்றைக்கே வெள்ளையம்மாள் தீர்மானித்துவிட்டாள், இதைத்தான் முறையாகப் படிக்கவேண்டும் என்று. பெங்களூரில் மனநோய் சிகிச்சை உளவியலில் டாக்டர் பட்டத்துக்கு ஆள் எடுத்தார்கள். விண்ணப்பம் வாங்கிவிட்டாள்.

அவள் தங்கியிருந்தது பாலக்கரையில், தாய்மாமன் வீரமலை வீட்டில். மாமாவுக்குத் தீப்பெட்டி மொத்த வியாபாரம்.

"டாக்டர்னா, ஊசி போடுவியா?" என்று கேட்டார் மாமா.

"இல்லங்க மாமா. பேசுவேன்."

"பேசறதுக்கு எதுக்கு நாலு வருஷம் படிப்பு? உங்க அத்தை படிக்காமலேதான் பேசறா."

இதற்கு உள்ளேயிருந்து அத்தை பதில் சொன்னாள். அரை மணி நேரம் சொன்னாள்.

விண்ணப்பத்தின் பதினேழாவது கேள்வியில்தான் விவகாரம். விண்ணப்பதாரர் சித்த சுவாதீனம் உள்ளவர் என்பதற்கு அரசு அலுவலர் ஒருவர் சான்று தரவேண்டும். வருகிறவர் வைத்தியர் பக்கத்து ஆளா, நோயாளி பக்கத்து ஆளா என்று வாசலிலேயே தெரிந்துகொள்ளும் சிறப்பான ஏற்பாடு. விண்ணப்பம் போய்ச் சேரக் கடைசி நாள் ஜூன் இருபத்தெட்டு.

கன்டோன்மென்ட்டில் இருந்த சான்றிதழ்த் தனி அலுவலகத்துக்குப் பத்தாம் தேதியே போனாள். தனி அலுவலர் தர்மராஜ் ஐம்பது வயதைத் தாண்டியவர். நெற்றியில் நீறு, சட்டைப் பையில் மூன்று பேனா. மூன்றிலும் மை குறைவதே இல்லை. அவ்வளவு சிக்கனம்.

"உங்க சித்தம் சுவாதீனமா இருக்குங்கறதுக்கு என்ன ஆதாரம்?" என்றார்.

"பேசிப் பாருங்க சார்."

"பேச்சு ஃபைல்ல ஏறாதும்மா. எழுத்துல வேணும். இதுக்கு முன்னாடி சித்தம் கலங்கினது உண்டா?"

"இல்லங்க."

"அதுக்குச் சான்று?"

"கலங்காததுக்கு யாருங்க சார் சான்று குடுப்பாங்க?"

"அதைத்தான் நானும் கேக்கறேன்!" என்றார் தர்மராஜ், தன் நிலையை ஒருவராவது புரிந்துகொண்டாரே என்ற மகிழ்ச்சியில்.

பத்து நாள் நடந்தாள். பக்கத்து வீட்டார் இரண்டு பேர் தங்களை அவள் இதுவரை கடிக்கவில்லை என்று எழுதிக் கொடுத்தார்கள். இருபதாம் தேதி, விஷயத்தின் முக்கியத்துவத்தை உத்தேசித்து, மூன்று அலுவலர்கள் கொண்ட 'சித்த சுவாதீன ஆய்வுக் கூட்டம்' நடந்தது. வெள்ளையம்மாள் எதிரே நாற்காலியில் உட்கார்ந்திருக்க, அவள் அங்கே இல்லாதது போல ஆய்வு செய்தார்கள்.

"தனியா சிரிக்கறாங்களா?"

"இப்பக்கூட சிரிச்சாங்க."

"காரணம் இல்லாமலா?"

"நம்மளைப் பாத்துத்தான்."

"அப்ப காரணம் இருக்கு. குறிச்சுக்குங்க."

இவ்வாறு ஆய்வு வெகுதூரம் முன்னேறியிருந்த நிலையில் வடை தீர்ந்துவிட்டது. கூட்டம் ஜூலை பதினைந்துக்கு ஒத்திவைக்கப்பட்டது.

வெள்ளையம்மாள் வெளியே வராந்தாத் தூணில் சாய்ந்து நின்றாள். அதுவரை வராத அழுகை வந்தது. குமாஸ்தா ஹபீபுல்லா ஒரு டம்ளர் தண்ணீரோடு வந்தார்.

"அழுவாதீங்கம்மா. எங்க சார் கெட்டவரு இல்ல. லஞ்சம் கேக்கறாரா பாருங்க, அதுவும் இல்ல. கையெழுத்துப் போட பயம், அவ்வளவுதான். நாளைக்கு சாயங்காலம் அவரு போற ஸ்ரீரங்கம் பஸ்ல ஏறிப் பாருங்க. உங்க படிப்புக்குத் தெரியும்."

மறுநாள் ஏறினாள். பஸ் காவிரிப் பாலத்தைத் தாண்டி அம்மா மண்டபத்தில் நின்றது. தர்மராஜ் இறங்கினார். வீட்டுப் பக்கம் பத்தடி நடந்தார். நின்றார். திரும்பி வந்து எதிர்த் திசையில் போகிற பஸ்ஸுக்குக் காத்து நின்றார்.

"எங்க சார் திரும்பப் போறீங்க?" என்றாள் பின்னாலேயே இறங்கி வந்த வெள்ளையம்மாள்.

அவளைக் கண்டு திடுக்கிட்டார். பொய் சொல்லத் தெரியாத மனிதர். "ஆபீஸ் பீரோவைப் பூட்டினேனான்னு பாக்கணும்."

"தினமுமா?"

"ரெண்டு தடவ. பிரதோஷத்தன்னிக்கு மூணு." ஆற்றுப் பக்கம் திரும்பிக்கொண்டு கேட்டார்: "என்னைப் பைத்தியம்னு நினைக்கறீங்களா?"

"இல்லங்க சார். எப்பலேர்ந்து இப்படி?"

பதினைந்து வருஷமாக யாரும் கேட்காத கேள்வி. தர்மராஜ் சொன்னார்: "நாப்பத்தெட்டுல, உயிரோட இருந்த ஒருத்தருக்கு மரணச் சான்றிதழ்ல கையெழுத்துப் போட்டுட்டேன். பேரு மாறிப்போச்சு. தான் உயிரோட இருக்கேன்னு நிரூபிக்க அந்த மனுஷன் ரெண்டு வருஷம் ஆபீஸ் ஆபீஸா அலைஞ்சாரு."

"நிரூபிச்சாரா?"

"அதுக்குள்ள செத்துட்டாரும்மா. ஃபைல் தானா சரியாயிடுச்சு. எனக்குத்தான் சரியாகல."

வெள்ளையம்மாள் சிரிக்கவில்லை. பஸ் வருவது தெரிந்தது.

"சார், இந்த பஸ்ஸை விட்டுடுங்க. அடுத்ததுல போகலாம்."

"பீரோ தொறந்து கிடந்தா?"

"என்ன ஆகும்?"

"யாராவது ஃபைலை எடுத்துட்டுப் போயிடுவாங்க."

"மனு போட்டு வருஷக்கணக்கா நடக்கறவங்களுக்கே உங்க ஆபீஸ்ல ஃபைல் கிடைக்கறதில்ல. திருடன் வந்தா மட்டும் உடனே கிடைச்சிடுமா சார்?"

தர்மராஜ் அவளை உற்றுப் பார்த்தார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார். பஸ் ஸ்டாப்பே திரும்பிப் பார்க்கிற மாதிரி சிரித்தார். அதற்குள் பஸ் போய்விட்டது. அவருக்கு வியர்த்துக் கொட்டியது. வெள்ளையம்மாள் கூடவே நின்று பேச்சுக் கொடுத்துக்கொண்டிருந்தாள். அடுத்த பஸ்ஸில் பீரோவைப் பார்க்கப் போனார்.

ஐந்து சாயங்காலங்கள் அவள் இப்படி வந்தாள். இரண்டாம் நாள் அவர் இரண்டு பஸ்ஸைப் போக விட்டார், மூன்றாம் நாள் நான்கு. நான்காம் நாள் சண்டை போட்டு, "நீங்க யாரும்மா என்னைத் தடுக்க?" என்று கத்திவிட்டு முதல் பஸ்ஸிலேயே ஏறிப் போய்விட்டார். எல்லாம் கெட்டது என்றுதான் நினைத்தாள். ஐந்தாம் நாள் பஸ் ஸ்டாப்பில் அவரே பேசாமல் ஆறு பஸ்களை எண்ணி அனுப்பிவிட்டு, "பசிக்குதும்மா, வீட்டுக்குப் போறேன்" என்றார். போயும் விட்டார்.

இருபத்தேழாம் தேதி காலை பீரோ பூட்டியபடியே இருந்தது. தர்மராஜ் அதை ஒரு நிமிஷம் பார்த்தார். பிறகு பேனாவைத் திறந்து, வெள்ளையம்மாளின் சித்தம் அவள் சுவாதீனத்திலேயே இருக்கிறது என்று மூன்று பிரதிகளில் கையெழுத்திட்டார். ஹபீபுல்லா ஓடிப்போய் முத்திரையை எடுத்து வந்தார். தபாலை நம்ப நேரமில்லை. அன்றைக்கே மாமா கடையைச் சாத்திவிட்டு மருமகளோடு பெங்களூருக்கு ரயிலேறினார். "பேச்சுல இவ்வளவு இருக்குன்னு தெரியாமப் போச்சு" என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தார்.

நேர்முகத்தில் பேராசிரியர் கேட்டார், நோயாளிகளோடு அனுபவம் உண்டா என்று. "ஒரே ஒருத்தர் சார். நோயாளின்னு சொல்ல மாட்டேன்" என்று நடந்ததைச் சொன்னாள். இடம் கிடைத்தது.

செப்டம்பரில் ஹபீபுல்லாவின் கடிதம் வந்தது. தர்மராஜ் சார் அன்றிலிருந்து பேனாவை மூடவே இல்லையாம். மூன்று வாரத்தில் நானூற்றுப் பன்னிரண்டு ஃபைல்கள். விதவைகளுக்கு உதவிப் பணம் போயிற்று, வையம்பட்டிக் குடியானவனுக்குப் பதினோரு வருஷத்து மனுவுக்குப் பதில் போயிற்று. ஜனங்கள் அலுவலகத்துக்கு ஒரே ஒரு முறை வந்து, காரியம் முடிந்து திரும்பிப் போனார்கள்.

மேலிடம் கவலை கொண்டது. விசாரணை வைத்தது. வந்த அன்றே ஃபைலில் கையெழுத்துப் போடும் அலுவலரின் மனநிலை குறித்துப் பலத்த சந்தேகம் எழுந்திருப்பதால், சம்பளத்துடன் ஆறு மாதம் ஓய்வெடுக்கும்படி அவருக்கு உத்தரவாயிற்று. சார் தினமும் அம்மா மண்டபத்தில் நிம்மதியாகக் குளிக்கிறார், உங்களை விசாரித்தார் என்று எழுதியிருந்தார் ஹபீபுல்லா.

அவருடைய இடத்துக்கு ஒரு புதிய அலுவலரை அரசாங்கம் சல்லடை போட்டுத் தேடி அனுப்பியிருந்தது. இவர் சர்வீஸில் சேர்ந்த நாள் முதல் எதிலும் கையெழுத்துப் போட்டதில்லை. பூரண மனநலத்துடன் இருக்கிறாராம்.