கொழுப்புக் கண்ணீர்

மாதா சுரூபம் அழுகிறதாம்! சேதி பரவிய மூன்றே நாளில், அந்தச் சிலை இருந்த மாடியறைக்கு ஏறும் படிகளில் கால் வைக்க இடமில்லை. அழுகிறவர்களைப் பார்த்தால் ஆறுதல் சொல்வார்கள். நம் ஜனங்கள் குப்பி கொண்டுவந்து கண்ணீரைப் பிடித்தார்கள்! பிடித்துக் கொடுத்தவர் வெள்ளை அங்கி போட்ட ஒரு திடீர்த் தீர்க்கதரிசி. "காணிக்கை உங்க இஷ்டம்" என்பார். பார்வை மட்டும் உண்டியலை விட்டு நகராது.

சுரூபங்களுக்கு வர்ணம் பூசிப் பிழைப்பவள் ஒருத்தி. வேறு நேரமாக இருந்தால் சிரித்துவிட்டுப் போயிருப்பாள். ஆனால் அவளுடைய அக்கா, இன்சுலின் ஊசியை நிறுத்திவிட்டுக் கால் புண்ணில் அந்தக் கண்ணீரைத் தடவிக்கொண்டிருந்தாள். புண் கறுத்துக்கொண்டே வந்தது.

"சுரூபம் ஞாபகப்படுத்தத்தான், வணக்கம் அது யாரைக் காட்டுதோ அவங்களுக்குன்னு கோயில் பங்குச்சாமி பூசையில சொன்னாரேக்கா?"

"அவருக்குப் பொறாமைடி!"

தங்கை குப்பியை வாங்கி விரலால் தொட்டாள். பிசுபிசுத்தது. விறுவிறுவென்று மாடியறைக்கு நடந்தாள். அக்காவும் நொண்டிக்கொண்டே பின்னால் வந்தாள்.

சுரூபத்தின் முகத்துக்கு ஒரு சாண் தள்ளி, பெரிய பல்பு ஒன்று தகதகவென்று எரிந்தது.

"ஐயா, அந்த பல்பை அணைச்சிட்டு அழச் சொல்லுங்க."

"மாதாவையே சோதிக்கிறியா?"

"மாதாவை இல்ல. உங்களை."

கூட்டம் உறுமியது. அவள் அசரவில்லை. சுரூபத்தின் கண்ணோரத்தை நகத்தால் சுரண்டினாள். இன்னும் உருகாமல், வெள்ளையாக ஒரு உருண்டை கொழுப்பு வந்தது. சுவரில் சட்டம் போட்டு மாட்டியிருந்த தீர்க்கதரிசியின் போட்டோவை இறக்கி, கண்களில் அதை அப்பி, பல்புக்கு நேரே பிடித்தாள். ஒரு நிமிஷம்தான். தீர்க்கதரிசியின் இரு கன்னங்களிலும் தாரை தாரையாகக் கண்ணீர்!

"இவரும் அழுறாரே! யாருக்குப் புண்ணு இருக்கு? வாங்க, தடவுறேன்."

போட்டோ அழுதுகொண்டிருந்தது. ஆள் பின்படி வழியாக ஓட்டம் பிடித்திருந்தார்.

அக்கா அப்படியே உட்கார்ந்துவிட்டாள். "மாதாகிட்ட எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு மன்னிப்பு கேப்பேன்?"

"முதல்ல உன் கால்கிட்ட கேளு. எந்திரி, ஆஸ்பத்திரிக்கு."

இரண்டு விரல்கள் போயின. கால் தப்பியது.

அன்று எல்லாரும் கலைந்த பிறகும் ஒருவர் மட்டும் நின்று தங்கையிடம் கேட்டாராம்: "அந்த போட்டோவ எனக்குத் தருவீங்களா? நல்லா அழுதுச்சே!"

சுரூபத்தின் தலை சுண்ணாம்பு. யோசிக்கவில்லையே என்று அதைத் திட்ட முடியாது. உங்கள் தலை எதனால் ஆனது, ஐயா?