பேஜார் டிரைவருக்கு நாலு விரல் இடம்

திருவள்ளூரிலிருந்து பள்ளிப்பட்டுக்குப் போகும் சாலையில் எத்தனையோ பேர் பஸ் ஓட்டியிருக்கிறார்கள். பஸ்ஸைவிட வேகமாக ஓடிய டிரைவர் ஒருவர்தான். அதுவும் சீட்டில் உட்கார்ந்தபடியே.

அறுபதுகளின் கடைசியில் நான் பொதட்டூர்பேட்டையில் ஓவிய வாத்தியாராக இருந்தேன். வீடு திருவள்ளூரில். காலையில் ஒரு தனியார் பஸ்ஸில் போய், சாயங்காலம் அதே பஸ்ஸில் திரும்புவேன். அதன் டிரைவருக்கு அம்மா அப்பா வைத்த பெயர் ஒன்று இருந்திருக்க வேண்டும். கும்பல் ஏறினால் பேஜாரு, ஏறாவிட்டால் பேஜாரு, மழை வந்தால் பேஜாரு, வராவிட்டால் அதைவிடப் பேஜாரு என்று சொல்லிச் சொல்லியே அவர் பேஜார் டிரைவர் ஆகிவிட்டார்.

அத்தனை பதற்றத்துக்கும் காரணம், பத்து நிமிஷம் கழித்துக் கிளம்பும் இன்னொரு முதலாளியின் பஸ். அது முந்திவிடுமோ என்று பாதிப் பார்வை சாலையிலும் மீதி கண்ணாடியிலுமாக ஓட்டுவார். கையில் இரண்டு வாட்ச். ஒன்று சரியாக ஓடுகிறதா என்று இன்னொன்றைப் பார்ப்பார். இரண்டும் ஒரே நேரத்தைக் காட்டினால் இரண்டுமே தப்போ என்று சந்தேகப்பட்டுக் கண்டக்டரைக் கூப்பிட்டு மணி கேட்பார்.

ஆள் ஒல்லி. கையும் காலும் முருங்கைக்காய், நடுவில் மட்டும் பூசணிக்காய். சாப்பாட்டுப் பிரியர் என்று சொல்லிவிட முடியாது. பயம் வந்தால் சாப்பிடுவார். பயம் எப்போதும் இருந்தது. திருப்பாச்சூரில் எஞ்சினை நிறுத்தாமல் ஜன்னல் வழியாக மசால்வடை, கனகம்மாசத்திரத்தில் போண்டா, திருத்தணியில் நாலு இட்லி நாஷ்டா, நாலே வாயில். ஊருக்கு ஊர் சர்க்கரையைக் கொட்டிய டீ. டீக்கடைக்காரர் கிளாஸை நீட்டிக்கொண்டு பஸ்ஸோடு கூடவே ஓடிவருவார். காலி கிளாஸ் மறுநாள்தான் கடைக்குத் திரும்பும்.

வயிறு ஸ்டியரிங்கில் உரசி உரசி, அவருடைய காக்கிச் சட்டைகள் எல்லாவற்றிலும் குறுக்கே ஒரு கறுப்புக் கோடு விழுந்திருந்தது. ஒருநாள் திருத்தணியைத் தாண்டியதும் வந்த திருப்பத்தில், சட்டைப் பொத்தான் ஸ்டியரிங் கம்பியில் மாட்டிக்கொண்டது. பஸ் திரும்ப மறுத்து நேராகப் போய் ஒரு வைக்கோல் போரில் முகத்தைப் புதைத்துக்கொண்டது. யாருக்கும் அடியில்லை. அங்கே மேய்ந்துகொண்டிருந்த ஆடு ஒன்று மட்டும் எங்களை வெகுநேரம் முறைத்தது.

மறுநாள் முதலாளி ஸ்டாண்டுக்கே வந்துவிட்டார். "ஒண்ணு தொப்ப இருக்கணும், இல்ல ஸ்டியரிங் இருக்கணும். ரெண்டும் ஒரே சீட்ல ஒக்கார முடியாது. பொங்கலுக்குள்ள நடுவுல நாலு விரல் எடம் வரணும். வரலன்னா ஷெட்ல டயர் கழுவு" என்று சொல்லிவிட்டுப் போனார். பன்னிரண்டு வருஷமாக அந்தச் சாலையில் ஓட்டிய மனிதர் அன்றைக்கு வடை சாப்பிடவில்லை. திருப்பாச்சூரே ஆச்சரியப்பட்டது.

கண்டக்டர்தான் அவரை டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனார். அங்கே நடந்ததை மறுநாள் பஸ்ஸில் எங்களுக்கு நடித்தும் காட்டினார்.

டாக்டர் சொன்னாராம்: "இது சோத்தால மட்டும் வந்த தொப்பை இல்லப்பா, கவலையும் சேர்ந்து வளர்த்த தொப்பை. மனசு நாள் முழுக்க ஓடுது, உடம்பு நாள் முழுக்க உட்கார்ந்திருக்கு. பதறினா எதையாவது மெல்லுறே, தூக்கமும் இல்லே. எல்லாம் சேர்ந்து வயித்துல வந்து உட்காருது. நல்லாத் தூங்கு. மென்னு சாப்பிடு. சர்க்கரையைக் குறை. தினம் நட. முக்கியமா, நிதானமா இரு."

"அதெல்லாம் நாளாவும் டாக்டரே. ஒரு ஊசி போட்டு எறக்கிடுங்க. வெளிய பஸ் நிக்கிது" என்றாராம் இவர்.

ஊசி கிடைக்காததால் நிதானத்தில் இறங்கினார். அதிலும் பயங்கர அவசரம். திருப்பாச்சூரில் வடைக்குப் பதிலாக இறங்கி, பஸ்ஸைப் பத்துச் சுற்றுச் சுற்றுவார். அவர் போன வேகத்தில், என்னவோ விழுந்துவிட்டது போலிருக்கிறது என்று நினைத்து நாலு பேர் குனிந்து சக்கரத்துக்கு அடியில் தேடினார்கள். இட்லியை முப்பது முறை மென்றார், ஆனால் சாமானியன் மூன்று முறை மெல்லும் நேரத்தில். ஒருநாள் அவர் மனைவி, திருத்தணியில் கல்யாணம் என்று எங்கள் பஸ்ஸில் ஏறினார். வீட்டில் எப்படித் தூங்குகிறார் என்று கண்டக்டர் விசாரித்தார்.

"எங்க தூங்கறாரு? கண்ண மூடிக்கினு படுக்கறாரு. கொஞ்ச நேரத்துல என்ன எழுப்பி, 'நான் தூங்கிட்டனா பாரு'ன்றாரு. அவருக்கு டாக்டரு சொன்னதுலருந்து எனுக்குத் தூக்கம் போச்சு."

ஒரு மாதம் கழித்துக் கண்டக்டர் விரலை வைத்துப் பார்த்தார். விரல் நுழையவில்லை. தொப்பை குறையவில்லையே என்கிற கவலையில் தொப்பை இன்னும் கொஞ்சம் வளர்ந்திருந்தது. டிரைவர் ஸ்டியரிங்மேல் நெற்றியை வைத்துக்கொண்டார். "அவ்ளோதாம்பா. டயர் கழுவத்தான் போறேன். எனுக்கு வேற இன்னா தெரியும்?" என்றார். பஸ்ஸில் யாரும் சிரிக்கவில்லை.

முன் சீட்டில் எப்போதும் ஒரு கீரைக்கார அம்மா வருவார். பள்ளிப்பட்டுக்காரர், பேச்சில் பாதி தெலுங்கு. அவர்தான் எழுந்து வந்தார்.

"ஏன் நைனா இப்டி பறக்கற? நீ எறங்குனா பஸ்ஸு உன்ன வுட்டுட்டுப் போயிடுமா? ஓட்டறதே நீதான?"

டிரைவர் தலையைத் தூக்கி அந்த அம்மாவைப் பார்த்தார். பன்னிரண்டு வருஷத்தில் அவருக்கு இது தோன்றவே இல்லை போலிருக்கிறது.

அன்றிலிருந்து அவருடைய தொப்பை பொதுச் சொத்தானது. இரண்டு வாட்சையும் கண்டக்டர் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டார். "டயத்த நான் பார்த்துக்கறேன் அண்ணாத்தே, நீ ரோட்டப் பாரு." கீரைக்கார அம்மா நீர்மோரும் வெள்ளரிக்காயும் கொண்டுவருவார், அவர் மெல்லுவதைப் பக்கத்தில் நின்று கவனிப்பார். டீக்கடைக்காரர்கள் சர்க்கரையைக் குறைத்தார்கள். பழைய பழக்கத்தில் ஜன்னலுக்கு வெளியே கை நீண்டால், வடைக்குப் பதில் யாராவது கையைக் குலுக்கிவிட்டுப் போவார்கள். சாயங்காலம் பஸ்ஸை விட்டபின் அவரும் கண்டக்டரும் நானும் ஏரிக்கரை வழியாக நடந்தோம். முதல் வாரம் முழுக்க நாங்கள்தான் அவர் பின்னால் ஓடினோம். இரண்டாவது வாரம் அவர் ஒரு இடத்தில் நின்றார்.

"இந்த ஏரில இவ்ளோ கொக்கு எப்பப்பா வந்துது?"

"எப்பவும் கீது அண்ணாத்தே" என்றார் கண்டக்டர்.

அன்று இரவு டிரைவர் மனைவியை எழுப்பவில்லையாம். மறுநாள் காலை தாமதமாக எழுந்து, ஒரு பேஜாரும் சொல்லாமல் ஸ்டாண்டுக்கு வந்தார்.

மார்கழியில் ஒருநாள் அந்தப் பின்னால் வரும் பஸ் கனகம்மாசத்திரம் தாண்டி எங்களை முந்தியது. அதன் கிளீனர் படியில் தொங்கிக்கொண்டு, வயிற்றைத் தட்டிக் காட்டிச் சிரித்தான். எங்கள் பஸ்ஸே கொதித்தது. முதலில் கத்தியது நான்தான் என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது. "விடாதீங்க, பிடிங்க" என்று சீட்டின்மேல் ஏறி நின்றேன். நிதானம் சொல்லித் தந்த கீரைக்கார அம்மாகூடக் கூடையைத் தட்டினார்.

டிரைவரின் கை கியர் ராடுக்குப் போனது. பிறகு பஸ்ஸை மெல்ல ஓரம் கட்டி, எஞ்சினை நிறுத்தி, இறங்கினார். ஒரு சுற்று நடந்தார். இந்த முறை நிஜமாகவே நடந்தார். திரும்பி வந்து ஜன்னல் வழியாக என்னைப் பார்த்தார்.

"வாத்தியாரே, கோவப்படாதீங்க. ஒங்களுக்கும் கொஞ்சம் தொப்ப வெக்குது, பார்த்துக்கோங்க."

பஸ்ஸிலிருந்த ஆண்கள் எல்லாரும் குனிந்து அவரவர் வயிற்றைப் பார்த்துக்கொண்டோம். அன்றைக்குப் பள்ளிக்கூடத்துக்குத் தாமதம். தலைமையாசிரியரிடம் காரணம் சொன்னால் நம்பமாட்டார் என்று நான் வாயே திறக்கவில்லை.

பொங்கலுக்கு இரண்டு நாள் முன்பு முதலாளி வந்தார். டிரைவர் சீட்டில் உட்கார்ந்து மூச்சை இழுத்துப் பிடித்தார்.

"மூச்ச வுடு" என்றார் முதலாளி. விட்டார். முதலாளி தன் தடித்த விரல்களை வைத்தார். மூன்றுதான் நுழைந்தது. நாலாவது பாதியில் நின்றுவிட்டது. கண்டக்டர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"மூணுதான் வருது" என்றார் முதலாளி.

"உன் வெரலு வாழத்தண்டு கணக்கா கீது சாமி. நீ அந்த சீட்டுல ஒக்காரு, உனுக்கு எத்தினி வருதுன்னு பாப்போம்" என்றார் கீரைக்கார அம்மா.

ஏறி உட்காராவிட்டால் மரியாதை போய்விடும் என்று முதலாளி ஏறினார். பாதிதான் உள்ளே போக முடிந்தது. கீழிருந்து இரண்டு பேர் தள்ளினார்கள், பிறகு அதே இரண்டு பேர் வெளியே இழுத்தார்கள். வேட்டியைச் சரிசெய்துகொண்டவர், "ஸ்டியரிங்க முழுசா திருப்பிக் காட்டு" என்று மட்டும் சொன்னார். டிரைவர் இடது பக்கம் ஒரு முறை, வலது பக்கம் ஒரு முறை முழுக்கச் சுழற்றினார். சட்டையில் எங்கேயும் படவில்லை. முதலாளி தலையாட்டினார். போகும்போது கண்டக்டரைத் தனியாகக் கூப்பிட்டு, டாக்டர் வீடு எந்தத் தெருவில் என்று கேட்டுக்கொண்டு போனார்.

அடுத்த வருஷம் எனக்குத் தஞ்சாவூர்ப் பக்கம் மாற்றல் வந்தது. மெட்ராஸ் போய் ரயில் மாற வேண்டும். கிளம்பும் அன்றைக்கு டிரைவர் என் வீட்டுக்கே வந்துவிட்டார். என் படுக்கையைத் தோளில் போட்டுக்கொண்டு, பெட்டியைக் கையில் தூக்கிக்கொண்டு ஸ்டேஷனுக்கு நடந்தார். வழியில் தெரிந்தவர்களைப் பார்த்தால் நின்றார், வேப்பமரத்தடியில் மூச்சு வாங்கிக்கொண்டார், என் மனைவிக்கு அந்த ஊர்த் தண்ணீர் ஒத்துக்கொள்ளுமா என்று கவலையோடு கேட்டார். நான் பல்லைக் கடித்துக்கொண்டு கூடவே நடந்தேன். நாங்கள் பிளாட்பாரத்தில் கால் வைக்கும்போது ரயிலின் கடைசிப் பெட்டிதான் தெரிந்தது.

"போவட்டும் வாத்தியாரே. இன்னொண்ணு வரும். ஒக்காருங்க" என்றார்.

அடுத்த ரயில் வர ஒன்றரை மணி நேரம் ஆனது. அது இன்னும் கொஞ்சம் தாமதமாக வந்திருக்கலாம் என்றிருந்தது எனக்கு.