அரை டிகிரி நடுக்கம்

அன்பு நிறைந்த மைத்துனருக்கு,

உங்கள் அத்தான் எழுதுவது. இங்கே நலம் என்று எழுதினால் பொய். இந்த வீட்டு நலம் ஐந்து நாளாக உங்கள் வீட்டில் இருக்கிறது. அங்கே எல்லோரும் சுகமாக இருக்க வேண்டுகிறேன்.

உங்கள் அக்கா கோபித்துக்கொண்டு வந்த கதையை அவள் பாணியில் கேட்டிருப்பீர்கள், என் பாணியிலும் கேளுங்கள். வானிலை நிலையத்தில் முப்பது வருடம் தரையை ஒட்டிய காற்றின் சூட்டைத்தான் அளந்தேன், அது ஒரு நொடி சும்மா இருக்காது, வெயில் விழுந்ததும் தரையிலிருந்து சூடு குமிழ் குமிழாகக் கிளம்பும், அந்த இடத்துக்கு மேலேயிருந்து குளிர்ந்த காற்று இறங்கும், கண்ணுக்கு ஒன்றும் தெரியாது, கருவியின் பேனா மட்டும் அரை டிகிரி ஏறி அரை டிகிரி இறங்கி நடுங்கிக்கொண்டே கோடு போடும், பார்த்துக்கொண்டே இருந்தால் நாமும் லேசாக மிதப்போம். ஓய்வு பெற்ற அன்று, கழித்துப்போட்ட கருவி ஒன்றைக் கேட்டு வாங்கிவந்து கூடத்தில் வைத்தேன், வினை அங்கேதான். எங்கள் தொழிலில் அளவைக் கெடுக்கும் எதையும் காகித ஓரத்தில் குறிக்க வேண்டும், கை பழகிவிட்டது. உங்க அக்கா ஈரத் துணியோட வந்தா பேனா விழும், இஸ்திரிப் பெட்டியோட வந்தா குதிக்கும், நானும் நேரம் போட்டு எழுதிக்கிட்டே வந்தேன். ஒருநாள் கண்ணாடியை மாட்டிக்கிட்டுப் படிச்சுட்டா. நாலு பக்கத்துக்கு "இடையூறு: மனைவி", "இடையூறு: மனைவி".

"முப்பத்தோரு வருஷம் குடும்பம் நடத்தினேன், நான் இடையூறா?"

"அது ஆபீஸ் வழக்கம்மா. ரெண்டு மீட்டர் தள்ளி நின்னா எழுத மாட்டேன்" என்றேன். நுணலும் தன் வாயால் கெடும்.

"ரெண்டு மீட்டர் என்ன, ரெண்டு ஊர் தள்ளியே போறேன். நிம்மதியா அளங்க!"

அவள் போன நிமிடத்திலிருந்து பேனா நடுங்கவே இல்லை. வெயில் வருது, போகுது, கோடு அசையலை. அப்போதுதான் உறைத்தது: இத்தனை நாளும் காற்று என்று நினைத்து நான் ரசித்தது அவள் நடமாட்டத்தைத்தான். அந்த நேர்கோட்டுக்கு எதிரே உட்கார்ந்தால் சாப்பாடு இறங்கவில்லை. காகிதத்தை இணைத்திருக்கிறேன். இதைவிட அறிவியல் சான்று வேறென்ன வேண்டும்? அவளிடம் காட்டி அனுப்பிவையுங்கள்.

பெரியவர்களுக்கு வணக்கம், பிள்ளைகளுக்கு ஆசி. உங்கள் வீட்டுக் காற்று என்றும் இதமாக இருக்கட்டும்.

இப்படிக்கு,
உங்கள் அத்தான்

பின்குறிப்பு: உறையை ஒட்டுமுன் கருவியைப் பார்த்தேன். உங்கள் அக்கா கதவை அறைந்து சாத்திய வேகத்தில் பேனாவுக்குப் போகும் கம்பி கழன்று கிடந்திருக்கிறது. மாட்டினேன், பேனா பழையபடி நடுங்குகிறது. ஆகவே மேலே எழுதிய சான்று எதுவும் செல்லாது, காகிதத்தையும் எடுத்துவிட்டேன். ஆனால் பேனா நடுங்கியும் சாப்பாடு இறங்கவில்லை. சான்று ஒன்றும் இல்லாமல்தான் கேட்கிறேன், அவளை வரச் சொல்லுங்கள்.